நின்றுபோன காரைக் கட்டி இழுப்பதற்கு முன்

யாழ்ப்பாணத்தில் வாகனம் திருத்தும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் மிகுந்த கவலையோடு இதை எழுதுகிறேன். வழியில் நின்றுபோன கார் ஒன்று கராஜுக்கு வந்து சேரும்போது, அது நின்றதற்கான காரணம் பல வேளைகளில் சிறியதாகவே இருக்கிறது: வலுவிழந்த பற்றரி, அறுந்த பெல்ற், எரிந்துபோன பியூஸ். ஆனால் அதைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்த விதத்தால் உண்டாகும் சேதம், அந்தப் பழுதைத் திருத்தும் செலவைப் பல மடங்கு விஞ்சிவிடுகிறது.

நியூற்றலில் விட்டால் எந்தக் காரையும் எவ்வளவு தூரமும் இழுக்கலாம் என்ற நம்பிக்கை மனுவல் கியர் வாகனங்களின் காலத்தில் உருவானது. அவற்றுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். இன்று எமது வீதிகளில் ஓடும் ஜப்பானியக் கார்களில் பெரும்பாலானவை ஓட்டோ கியர் கொண்டவை. இவற்றின் கியர்பொக்ஸுக்குள் ஒயிலைச் செலுத்தும் பம்பை இயக்குவது எஞ்சினே ஆகும். எஞ்சின் நின்ற நிலையில் முன் சில்லுகள் நிலத்தில் உருள, கியர்பொக்ஸின் உட்பாகங்கள் ஒயில் வந்து சேராமலே சுழன்று, உராய்ந்து, சூடேறுகின்றன. ஆனையிறவில் நின்ற வாகனத்தை யாழ்ப்பாண நகர் வரை, ஏறத்தாழ 50 கிலோமீற்றர், இப்படி இழுத்து வந்தால் என்ன நடக்கும் என்பதை கியர்பொக்ஸின் அடித்தட்டைக் கழற்றும்போது கண்ணால் காணலாம். தெளிவாக இருக்க வேண்டிய ஒயில் கறுத்துக் கருகல் மணம் வீசும். அடித்தட்டில் உள்ள காந்தத்தில் உலோகத் தூள் சேறு போலத் திரண்டிருக்கும். அதைக் காட்டி உரிமையாளருக்கு விளக்குவது எனக்கு ஒருபோதும் இலகுவாக இருந்ததில்லை.

அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் ஆபத்து இன்னும் அதிகம். அவற்றின் முன் சில்லுகள் மின்மோட்டாருடன் நேரடியாகத் தொடர்புபட்டிருப்பதால், சில்லு சுழலும்போது மோட்டாரும் சுழன்று மின்சாரத்தை உற்பத்தி செய்யும்; அதனால் சேதமோ தீயோ ஏற்படலாம். ஆகவே இவ்வகைக் கார்களின் முன் சில்லுகளை நிலத்திலிருந்து உயர்த்தி, ஹான்ட் பிரேக்கை விடுவித்த பின்னரே இழுக்க வேண்டும். அல்லது முழு வாகனத்தையும் கரியர் லொறியில் ஏற்ற வேண்டும். நான்கு சில்லுகளுக்கும் விசை செல்லும் வாகனமாயின் கரியரைத் தவிர வேறு வழியே இல்லை. வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரியான காரிலும் இரு சில்லு இயக்கம், நான்கு சில்லு இயக்கம் என இரு வகைகள் இருப்பதுண்டு. வாகனத்தோடு வந்த கைநூல் ஜப்பானிய மொழியில் இருப்பதால் பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. உங்கள் கார் எந்த வகை என்பதை அடுத்த சேர்விஸின்போதே கேட்டு அறிந்து வைத்திருங்கள்.

வெசல் போன்ற கார்களில் பற்றரி முற்றாக இறங்கிவிட்டால் கியரைப் பார்க்கிங்கிலிருந்து எடுக்கவும் முடியாது, மின் ஹான்ட் பிரேக்கை விடுவிக்கவும் முடியாது. அந்த நிலையில் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து இழுத்தால் பூட்டிய சில்லுகள் தாரில் தேய்வதோடு கியர்பொக்ஸும் பழுதாகலாம். முதலில் 12 வோல்ட் பற்றரிக்கு வெளியிலிருந்து முறையாக மின் கொடுத்துப் பாருங்கள். பல சமயங்களில் அத்தோடு காரே இயங்கிவிடும். இழுக்கும் தேவையும் நீங்கிவிடும்.

கயிற்றை எங்கே கட்டுவது என்பதிலும் பெருந்தவறு நடக்கிறது. அவசரத்தில் குனிந்து கையில் அகப்பட்ட லோவர் ஆமிலோ (சில்லைத் தாங்கும் கீழ்க்கை) ரை ரொட்டிலோ (ஸ்ரியரிங்கைச் சில்லோடு இணைக்கும் தண்டு) கட்டிவிடுகிறார்கள். அவை வளைந்தால் சில்லின் நேர் தவறி, புதிய ரயரும் ஒரு பக்கமாகத் தேய்ந்துபோகும். பல கார்களில் ஜாக்கியோடு சேர்த்து ஓர் இரும்புக் கொளுக்கி வைக்கப்பட்டிருக்கும். பம்பரில் உள்ள சிறிய மூடியைக் கழற்றி, அதற்குள் தெரியும் துவாரத்தில் அதை முழுவதுமாக முறுக்க வேண்டும். அரைகுறையாக முறுக்கிய கொளுக்கி இழுவையில் பிடுங்கிக்கொண்டு பறக்கும். ஆகையால் இழுக்கும்போது கயிற்றின் அருகில் எவரையும் நிற்கவிடாதீர்கள். கசூரினாக் கடற்கரைப் பக்கம் மணலில் புதைந்த காரை எடுப்பதாயினும், முதலில் சில்லுகளைச் சுற்றிய மணலை அகற்றிவிட்டு, திடீரென வெட்டி இழுக்காமல், நேராகவும் மெதுவாகவும் இழுக்க வேண்டும்.

மனுவல் காரைக் கயிற்றில் இழுக்கும்போது பின்னால் வரும் காரில் இருப்பவர் அனுபவமுள்ள சாரதியாக இருப்பது அவசியம். எஞ்சின் நின்றிருப்பதால் பிரேக் மிதி இரண்டொரு தரம் அழுத்தியதும் இறுகி, பலமாக மிதிக்க வேண்டியதாகிவிடும், ஸ்ரியரிங்கும் பாரமாகும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்ரியரிங் பூட்டிக்கொள்ளும் என்பதையும் மறக்கக்கூடாது. இரு வாகனங்களுக்கும் இடையில் 3 முதல் 5 மீற்றர் இடைவெளி விட்டு, கயிற்றின் நடுவில் நிறத்துணி ஒன்றைக் கட்டுங்கள். இரவில் ஏ9 வீதியில் குறுக்கே புகும் மோட்டார் சைக்கிள்காரருக்குக் கயிறு தெரியாது. இருட்டிய பின் கயிற்றில் இழுப்பதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

மாரி வெள்ளத்தில் நின்ற காரை, இழுத்து எடுத்த பின்னரும் ஸ்ராட் செய்து பார்க்க வேண்டாம். எஞ்சினுக்குள் நீர் புகுந்திருந்தால் ஒரே சுற்றில் கனெக்ரிங் ரொட் (பிஸ்ரனைத் தாங்கும் தண்டு) வளைந்துவிடக்கூடும்.

காப்புறுதி எடுக்கும்போது வீதி உதவிச் சேவையில் கரியர் அடங்குகிறதா, எத்தனை கிலோமீற்றர் வரை என்பதைக் கேட்டு, அந்தச் சேவையின் தொலைபேசி இலக்கத்தைக் கைபேசியில் பதிந்து வைத்திருங்கள். கார் எப்படியோ இழுத்து வரப்பட்டுவிட்டதென்றால், எந்தச் சில்லுகள் நிலத்தில் உருண்டன, எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்பதைத் திருத்துபவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். அப்போதுதான் அவர் எஞ்சினை இயக்குவதற்கு முன் கியர்பொக்ஸ் ஒயிலைப் பார்ப்பார்.