தராசுக்காக உடம்பை உலர்த்தும் குத்துச்சண்டை வீரர்கள்

சண்டைக்கு முந்தைய நாள் எடை பார்க்க வரும் சின்ன எடைப்பிரிவு வீரர்களில் சிலரைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிடும்: எடை வரம்புக்குள் வர உடம்பை உலர்த்தியிருக்கிறார்கள். ஒட்டிய கன்னம், வெடித்த உதடு, கேட்ட கேள்விக்குத் தாமதமாக வரும் பதில். "நல்லா இருக்கேன் டாக்டர்" என்பார்கள். நாடித்துடிப்பு வேறு கதை சொல்லும்.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஆகக் குறைந்த பிரிவின் வரம்பு 105 பவுண்டு, அதாவது 47.6 கிலோ. அதற்கு மேல் 108, 112, 115, 118. இடைவெளி இரண்டு கிலோகூட இல்லை. ஆனால் 90 கிலோ ஆள் ஐந்து கிலோ குறைத்தால் போவது உடல் எடையில் ஐந்தரை சதவீதம். 54 கிலோ ஆளுக்கு அதே ஐந்து கிலோ, ஒன்பது சதவீதத்துக்கும் மேல்.

கடைசி நாட்களில் இறங்குவது கொழுப்பு அல்ல, தண்ணீர். இரத்தத்தின் அளவு குறைகிறது, இதயம் வேகமெடுக்கிறது, உடம்பு தன் சூட்டைத் தணித்துக்கொள்ள முடியாமல் திணறுகிறது. எடை பார்த்த பிறகு குடித்துச் சாப்பிட்டால் தராசு முள் ஏறிவிடும். உடம்பு அவ்வளவு சீக்கிரம் தேறாது. உலர்ந்த நிலையில் வாங்கும் அடி மூளையில் இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும் என்ற சந்தேகம் நெடுநாளாக இருக்கிறது. முழு நிரூபணம் வரட்டும் என்று காத்திருக்கிற விஷயமா இது?

"மேல் பிரிவுக்குப் போனால் அடி தாங்காது" என்று சொல்லும் பயிற்சியாளர்களுக்கு நான் ஜப்பானிய வீரர் நவோயா இனோவேயைத்தான் காட்டுவேன். 2014 ஏப்ரலில், தன் ஆறாவது சண்டையிலேயே 108 பவுண்டு உலகப் பட்டம் வென்றார். எடைக்குறைப்பின் விளைவாக அன்று காலில் பிடிப்பு. அதே டிசம்பரில் 112-ஐத் தாண்டி நேராக 115-க்குப் போய் அங்கும் பட்டம். பிறகு 118, 122 இரண்டிலும், உலகப் பட்டம் வழங்கும் நான்கு அமைப்புகளின் பட்டங்களும் அவரிடமே சேர்ந்தன. எல்லோரும் இனோவே இல்லைதான். கீழ்ப் பிரிவு உடல்வாகுக்கு இயல்பாகப் பொருந்தினால் அங்கேயே இருக்கலாம். தோல்வியே காணாத மெக்சிகோ வீரர் ரிக்கார்டோ லோபஸ் பெரும்பாலும் 105-இல்தான் ஆடினார்.

எனக்கு அதிகம் பயம் தருவது, "இரண்டு வாரத்தில் சண்டை, வருகிறாயா?" என்று வரும் போன். சின்ன எடைகளில் பொதுவாகப் பணம் குறைவு. மறுக்க மனம் வராது. அந்த நான்கு அமைப்புகளில் ஒன்றான உலகக் குத்துச்சண்டை கவுன்சில் தன் பட்டச் சண்டைகளுக்கு, 30 நாள் முன்பு வரம்பைவிட 10 சதவீதத்துக்கு மேலும், 7 நாள் முன்பு 5 சதவீதத்துக்கு மேலும் எடை இருக்கக் கூடாது என்கிறது. சின்னச் சண்டைக்கும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். தாண்டியிருந்தால் அந்த போனுக்கு 'முடியாது' என்றே சொல்லுங்கள். சிறுநீர் பிரிக்கும் மாத்திரை பக்கமே போகாதீர்கள். அது ஊக்கமருந்துத் தடைப்பட்டியலிலும் இருக்கிறது.

எடை குறைக்கும்போது வியர்வை நின்றாலோ, எழுந்ததும் கண் இருட்டினாலோ அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சண்டை முடிந்தபின் தலைவலி ஏறிக்கொண்டே போவது, வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கக் கலக்கம் இவற்றில் எது வந்தாலும், "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று படுக்க வைக்காமல் தலை ஸ்கேன் வசதியுள்ள அவசரப் பிரிவுக்கு உடனே கொண்டுபோக வேண்டும். ஜெயித்தவராக இருந்தாலும்தான்.