அத்தையின் அரிவாள்மனையும் காளி கண்டகியும்

டெல்லி ஆர்.கே.புரத்தில் அத்தை வீட்டுப் பூஜை அலமாரியில் ஒரு சாளக்கிராமம் இருக்கிறது. நேபாளத்து முக்திநாத் கோயிலுக்குப் போய்வந்த யாரோ தாத்தாவுக்குக் கொடுத்தது. கறுப்புக் கூழாங்கல், ஒரு பக்கம் லேசாக உடைந்து, உள்ளே வரிவரியாகச் சுருள் தெரியும். அத்தைக்கு அது சக்கரம். நிலவியல் படித்தவர்களுக்கு அம்மோனைட், அதாவது கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு கடல் உயிரியின் ஓடு.

கடல் உயிரி நேபாள மலைக்கு எப்படிப் போனது? போகவே இல்லை. கடல்தான் மலையானது. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே டெத்திஸ் கடல் இருந்தது. அதன் அடிச்சேற்றில் புதைந்த ஓடுகள் கல்லாயின. வடக்கே நகர்ந்த இந்தியத் தட்டு (இந்தியாவைச் சுமக்கும் பூமியோட்டுத் துண்டு) சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியதும் கடல் மூடிக்கொண்டது. அதன் தரை மடிந்து மேலேறியது. எவரெஸ்ட் உச்சியிலும் கடல் சுண்ணாம்புக்கல்தான்.

சரி, இது பள்ளிப் பாடம். எனக்கு ஆச்சரியம் அந்தக் கல்லை உருட்டிவந்த ஆறுதான்.

காளி கண்டகி, திபெத் எல்லையோரம் நேபாளத்தின் முஸ்டாங் பகுதியில் பிறந்து தெற்கே வருகிறது. வழியில் 8,167 மீட்டர் தவுளகிரியும் 8,091 மீட்டர் அன்னபூர்ணாவும். ஆறு அவற்றைச் சுற்றிப் போகவில்லை. இரண்டுக்கும் நடுவே, உச்சிகளுக்கு 5,000 மீட்டருக்கும் கீழே, அறுத்துக்கொண்டு ஓடுகிறது. தண்ணீர் மலையேறாதே, எப்படி?

அத்தையின் அரிவாள்மனையில் கத்தி அசையாது. காய்தான் அதன்மேல் வந்து அறுபடும். அதே கதைதான். ஆறு முதலிலேயே அங்கே ஓடிக்கொண்டிருந்தது, மலை பிறகு அதன் குறுக்கே எழுந்தது. எழ எழ, ஆறு உருட்டிவந்த மணலும் பாறையும் அடியை அரித்துக்கொண்டே இருந்தன. சட்லெஜும் சிந்துவும் இந்த ரகம்தான்.

இதனால் எல்லைக்கோட்டிலும் ஒரு வேடிக்கை. மலைநாடுகள் பெரும்பாலும் தண்ணீர் இருபுறமும் பிரிந்து ஓடும் முகட்டையே எல்லையாக வைப்பார்கள். பெரிய சிகரங்கள்தான் அந்த முகடு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஆறு அவற்றின் முதுகுப்பக்கமிருந்து வருவதால், இங்கே முகடு வடக்கே தள்ளிப்போய்விட்டது. எல்லையிலுள்ள கோரா லா கணவாய் (இது மலைக் கணவாய், மீன் அல்ல) சுமார் 4,660 மீட்டர்தான். இரண்டு ராட்சதச் சிகரங்களும் முழுக்க நேபாளத்துக்குள்ளேயே நிற்கின்றன.

அத்தையிடம் இதையெல்லாம் சொன்னேன். “கடல்லேர்ந்து வந்ததுன்னா அது பாற்கடல்தான்” என்று சொல்லிவிட்டு வாழைக்காய் நறுக்கப் போய்விட்டார்.