எஞ்சின் அறைக்குள் இரண்டு பவுன் தங்கம்

மெக்லாரன் எஃப்1 என்ற அதிவேகச் சாலைக் காரின் (ஃபார்முலா 1 பந்தயக் கார் அல்ல) பின்பக்க மூடியைத் தூக்கினால் கண்ணைப் பறிப்பது தங்கம். எஞ்சினைச் சுற்றியுள்ள சுவர்களில் சின்னச் சின்னச் சுருக்கங்களோடு தங்க ரேக்கு ஒட்டியிருக்கும். 1992 முதல் 1998 வரை மொத்தமே 106 கார்கள்தான் செய்தார்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 16 கிராம், நம் கணக்கில் இரண்டு பவுன். பகட்டுக்காக ஒட்டியது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தத் தங்கம் இல்லாவிட்டால் கார் தன் உடம்பைத் தானே சுட்டுக்கொள்ளும்.

இதை வடிவமைத்த கார்டன் மர்ரே, கிராம் கிராமாக எடையைக் குறைத்தவர். அதனால்தான் உடற்கூடு முழுக்க கார்பன் ஃபைபர். எஃகைவிட மிக லேசானது, உறுதியானது. ஆனால் இழைகளைப் பிணைத்து வைத்திருப்பது பிசின். அந்த வகைப் பிசின்கள் பலவும் 200 டிகிரி செல்சியஸை எட்டும் முன்பே இளக ஆரம்பித்துவிடும். பக்கத்திலேயே 627 குதிரைத்திறன் கொண்ட, பிஎம்டபிள்யூ செய்த 12 சிலிண்டர் எஞ்சின். அதன் புகைக்குழாய்கள் அடுப்புத் தணல்போலக் கொதிக்கும்.

தணலுக்கு முன்னால் உட்கார்ந்து, முகத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு எவர்சில்வர் தட்டைப் பிடித்துப் பாருங்கள். முகத்தில் அடித்த சூடு சட்டென்று நின்றுவிடும். நடுவில் இருக்கும் காற்று அப்படியேதான் இருக்கிறது. தட்டு மறித்தது அகச்சிவப்புக் கதிர்களை. இந்தக் கதிர்வீச்சு வெப்பநிலையோடு தாறுமாறாக ஏறும். 600 டிகிரியில் இருக்கும் குழாய், 30 டிகிரியில் இருப்பதைவிட ஏறக்குறைய 70 மடங்கு அதிகமாக வீசும்.

தங்கம் இந்தக் கதிர்களில் 98 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அதற்குள் கட்டில்லாமல் திரியும் எலக்ட்ரான்கள், வந்து மோதும் அகச்சிவப்பு அலையோடு சேர்ந்து அசைந்து, வந்த ஆற்றலை வெளியே வீசிவிடுகின்றன. நீல ஒளியிடம் மட்டும் இது பலிப்பதில்லை. அதைத் தங்கம் விழுங்கிவிடுகிறது. தங்கம் மஞ்சளாகத் தெரிவதற்கும் அதுதான் காரணம்.

சரி, வெள்ளியும் அலுமினியமும் இதைச் செய்யாதா? செய்யும். ஆனால் வெள்ளி காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் கறுத்துப்போகும், அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படியும். தங்கம் எத்தனை வருடம் சூட்டில் கிடந்தாலும் அதே பளபளப்போடு இருக்கும். காகிதத்தைவிட மெல்லிசாக அடிக்க முடிவதால் எடையும் ஏறாது. மர்ரேவுக்கு வேண்டியது அதுதானே.

ஒரே ஒரு நிபந்தனை: ரேக்குக்கும் குழாய்க்கும் நடுவே இடைவெளி வேண்டும். தொட்டுவிட்டால் கதை தலைகீழ். வெப்பத்தைக் கடத்துவதிலும் தங்கம் கெட்டிக்காரன். வாங்கிய சூட்டை அப்படியே பின்னால் உள்ள கார்பன் சுவருக்குக் கொடுத்துவிடும்.

1998 மார்ச்சில் ஜெர்மனியின் எரா-லெசியன் சோதனைத் தடத்தில் இந்தக் கார் மணிக்கு 386.4 கிலோமீட்டர் தொட்டது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ கிடையாது, எஞ்சின் தானாக இழுத்த காற்றில் எட்டிய வேகம் அது.