மண் பூசிய கதவுக்குள் இருவாச்சி

சிங்கப்பூரின் சாங்கியிலும் புலாவ் உபின் தீவிலும் தென்படும் கறுப்பு வெள்ளைப் பறவையை டூக்கன் என்கிறார்கள் பலர். டூக்கன் தென், மத்திய அமெரிக்கக் காடுகளுக்கு உரியது. இது நம் ஊர் இருவாச்சி. மஞ்சள் அலகின்மேல் இன்னோர் அலகைக் கவிழ்த்தாற்போல் ஒரு கொண்டை இருக்கும். பார்க்கத்தான் பாரம், உள்ளே பெரும்பாலும் காற்றறைகள்தாம்.

அலகு நீளம், நாக்கோ குட்டை. நுனியில் கவ்விய அத்திப்பழத்தை நாக்கால் உள்ளே தள்ள முடியாது. தலையை வெடுக்கென்று பின்னுக்குச் சொடுக்கிப் பழத்தைத் தொண்டைக்கு வீசிக்கொள்ளும். அலகின் சுமையைத் தாங்கக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் ஒன்றாய் இணைந்திருக்கின்றன.

இதன் கூடுதான் உண்மையான அதிசயம். பெட்டை மரப்பொந்துக்குள் நுழைந்து, மண், எச்சம், பழச்சக்கை மூன்றையும் குழைத்து அலகாலேயே தட்டித் தட்டி வாசலைப் பூசும். காய்ந்தால் கெட்டியான சுவர். மிஞ்சுவது அலகு நுனி நீளும் அளவுக்கு ஒரு நெடுக்குக் கீற்று. உடும்பும் பாம்பும் நுழைய வழியில்லை. ஏறக்குறைய நான்கு வாரம் அடைகாத்து, குஞ்சுகள் பறக்கத் தயாராகும்வரை தாய் உள்ளேயே இருக்கும். எச்சத்தைக்கூடக் கீற்றின் வழியே வெளியே பீச்சிவிடும்.

அத்தனை நாளும் சாப்பாடு ஆணின் பொறுப்பு. தொண்டை நிறையப் பழங்களை அடைத்துக்கொண்டு வந்து, கழுத்தை உதறி ஒவ்வொன்றாய் மேலே கொண்டுவந்து கீற்றில் நீட்டும். குஞ்சு வளரப் புரதம் வேண்டும். பல்லி, பூச்சியும் பழத்தோடு வரும்.

இருவாச்சியால் பொந்து குடைய முடியாது. முதிய பெருமரங்கள் போனால் அதற்கு வீடில்லை. 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரிலிருந்து மறைந்த பறவை, 1994இல் உபினில் ஜோடியாகத் தென்பட்டது. 2004இல் தொடங்கிய திட்டத்தில் மரங்களில் கூட்டுப்பெட்டிகள் ஏற்றப்பட்டன. பெட்டி என்றால் ஏதோ ஒரு பெட்டி போதாது. வாசல் அகலமானால் பூசி முடிக்க மண் போதாது. தரை வாசலுக்கு மிகக் கீழே போனால் உள்ளிருக்கும் அலகு கீற்றை எட்டாது. பெட்டிக்குள் வைத்த கேமராக்கள் ஒரு கசப்பான உண்மையையும் காட்டின: கடைசியாகப் பொரித்த சின்னஞ்சிறு குஞ்சைத் தாயே கொன்றதுண்டு.

பூச்சு வாசலும் அடியில் சிதறிய கொட்டைகளும் கண்ணில் பட்டால் மேலே கூடு இருக்கிறது என்று அர்த்தம். தயவுசெய்து அங்கே கூட்டம் போடாதீர்கள். கீழே ஆட்கள் நின்றால் ஆண் தொண்டை நிறையப் பழத்தோடு பக்கத்து மரத்திலேயே காத்திருக்கும். உள்ளே பசி ஏறும். ரொட்டி, சிப்ஸ் நீட்டவும் வேண்டாம். காட்டு உயிர்களுக்கு உணவளிப்பது 2020 ஜூன் முதல் சட்டப்படி குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். தோட்டத்து அத்தியும் பனை வகைப் பழங்களும் அதற்குப் போதும்.