எல்லைப் பக்கம் வீடு கட்டுவோருக்கு: கேரளத்தில் கரண்ட் கனெக்‌ஷன் வாங்கும் முறை

கேரளத்தின் பாலக்காடு மாவட்ட எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் வட்டாரத்தில் வீட்டு வேலைக்குக் கொத்தனார் முதல் டைல்ஸ் ஒட்டுகிறவர் வரை பொள்ளாச்சியிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வருவது சகஜம். அவர்களிடம் யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. வயரிங்குக்கு மட்டும் சட்டம் கேட்கிறது. வேலையைச் செய்பவர் வயர்மேன் பெர்மிட் உள்ளவராக இருக்க வேண்டும். தகுதிச் சான்று பெற்ற சூப்பர்வைசர் மேற்பார்க்க வேண்டும். பொறுப்பு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரருடையது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் சொல்வது இது. கேரளத்தில் இந்த மூன்றையும் வழங்குவது கேரள மாநில மின் உரிம வாரியம். தமிழ்நாட்டு லைசென்ஸ் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே கையெழுத்துப் போட முடியாது.

பலர் இதைத் தெரிந்துகொள்வது பெயின்ட் அடித்த பிறகுதான். வயரிங் முடிந்ததும் அதைச் சோதித்து, ஒப்பந்ததாரர் கையெழுத்திட்ட அறிக்கை ஒன்றை கே.எஸ்.இ.பி. (கேரள மின்வாரியம்) செக்‌ஷன் ஆபீஸில் கொடுக்க வேண்டும். ‘வேலை நம்ம ஆள் செய்யட்டும், கையெழுத்தை யாரிடமாவது வாங்கிக்கொள்ளலாம்’ என்று நினைப்பவர்கள் உண்டு. காசு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுபவர்களும் கிடைப்பார்கள். என்னைக் கேட்டால், வேண்டவே வேண்டாம். சுவருக்குள் போன பைப்பையும் வயரையும் பார்க்காதவர் போடும் கையெழுத்து உங்கள் குடும்பத்தைக் காப்பாற்றாது. வயர் பைப்புக்காகச் சுவரில் காடி வெட்டுவதற்கு முன்பே உள்ளூரில் உரிமம் உள்ள ஒப்பந்ததாரரைப் பேசிவிடுங்கள். பழக்கமான பொள்ளாச்சி வயர்மேன்தான் வேண்டும் என்றால், அவருடைய பெர்மிட் இங்கே செல்லுமா, அவரைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ள முடியுமா என்று அந்த ஒப்பந்ததாரரிடமே கேளுங்கள்.

அடுத்து, கட்டுமானத்துக்கான கரண்ட். இந்தப் பக்கம் பாதிப் பேருக்குத் தென்னந்தோப்பும் போர் மோட்டாரும் இருக்கும். மோட்டார் ஷெட்டிலிருந்து ஒரு வயரை இழுத்துக் கலவை இயந்திரத்தையும் கட்டிங் மெஷினையும் ஓட்டுவது சுலபம். ஆனால் விவசாயத்துக்கென்று கொடுத்த இணைப்பை வீடு கட்டப் பயன்படுத்துவது, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. பிடிபட்டால் உரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போதிலிருந்து பயன்படுத்தினீர்கள் என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், சோதனைக்கு முந்தைய 12 மாதங்களுக்கும் சேர்த்துக் கணக்கு வரும். கட்டுமானத்துக்கு என்றே இணைப்பு வாங்குங்கள். கட்டணம் வீட்டு விலையைவிடக் கூடுதல்தான், ஆனாலும் அபராதத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

கட்டட அனுமதி தருவது பஞ்சாயத்தோ நகராட்சியோ, கே.எஸ்.இ.பி. அல்ல. அந்த அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடத்திலேயே கரண்ட் சம்பந்தமான ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. மனைக்கு மேலோ பக்கத்திலோ கம்பி போகிறதா? 11 கிலோவோல்ட் லைன் என்றால் கட்டடத்துக்கும் கம்பிக்கும் குறுக்குவாட்டில் 1.2 மீட்டரும், மேலே 3.7 மீட்டரும் இடைவெளி வேண்டும். சாதாரண வீட்டு லைனுக்கு மேலே 2.5 மீட்டர், குறுக்கே அதே 1.2 மீட்டர். சுவரிலிருந்து அளந்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். பால்கனி, சன்ஷேடு, பிற்பாடு மாடியில் போடும் ஷீட் எல்லாமே கட்டடம்தான். லைனை மாற்றி அமைக்க வேண்டி வந்தால் செலவு உங்கள் தலையில் விழும். அதனால் அஸ்திவாரத்துக்கு முன்பே செக்‌ஷன் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இணைப்புக்கான விண்ணப்பத்தை கே.எஸ்.இ.பி. இணையதளத்திலும் போடலாம், செக்‌ஷன் ஆபீஸிலும் கொடுக்கலாம். முக்கியமாகக் கேட்பது இரண்டு: உங்கள் அடையாளச் சான்று, இடம் உங்களுடையது அல்லது உங்கள் சட்டபூர்வ அனுபவத்தில் இருக்கிறது என்பதற்கான சான்று. வீட்டிலுள்ள எல்லாச் சாதனங்களின் வாட்டையும் கூட்டினால் வருவதே இணைப்புச் சுமை. 5 கிலோவாட் வரை சிங்கிள் ஃபேஸ், அதற்கு மேல் த்ரீ ஃபேஸ். இரண்டு ஏசி, ஒரு வாட்டர் ஹீட்டர், ஒரு மோட்டார் என்றாலே 5ஐ நெருங்கிவிடும். சுமையைக் குறைத்து எழுதுவதில் லாபமில்லை.

சரி, சோதனைக்கு யார் வருவார்? சாதாரண வீடு என்றால் கே.எஸ்.இ.பி. ஊழியர்தான். எர்த் ஒழுங்காக இருக்கிறதா, மெயின் சுவிட்சும் மீட்டர் போர்டும் கை எட்டும் இடத்தில் இருக்கின்றனவா, கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்ப்பார். அந்த ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியருடையதாக இருக்கட்டும். ஆளுக்கு ஷாக் அடிக்கும்போது காப்பாற்றுவது அதுதான். 100 மில்லி ஆம்பியர் வகை கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். வயரின் காப்புத் திறனை 500 வோல்ட் மெக்கர் என்ற சோதனைக் கருவியை வைத்து ஒரு நிமிடம் பார்ப்பார்கள். குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். ஈரம் காயாத சுவரில் இது பல சமயம் குறைவாகக் காட்டும். பூச்சு நன்றாக உலர்ந்த பிறகு சோதனைக்கு அழையுங்கள்.

மின் ஆய்வாளர் வேறு ஆள். அவர் மாநில அரசின் எலக்ட்ரிக்கல் இன்ஸ்பெக்டரேட் துறையைச் சேர்ந்தவர். 15 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடம் என்றால் அவருடைய எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் கரண்ட் கொடுக்க முடியாது. 11 கிலோவோல்ட்டில் நேரடியாக இணைப்பு வாங்கும் ஆலை, மருத்துவமனை போன்றவையும் அவர் பார்வைக்குப் போகும். லிஃப்ட் வைத்தால் அதற்கும் அந்தத் துறையின் உரிமம் வேண்டும். மலையாளத்தில் எழுத வராதவர்களுக்கு ஒரு தகவல்: கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தின்படி, தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில்தான் வர வேண்டும். இன்ஸ்பெக்டரேட் தலைமைக்குப் போகும் மனுவும் இதில் அடங்கும். கேட்டுப் பெறுகிறவர்கள் குறைவு.

சோதனையில் குறை சொன்னால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. வாய்மொழியாக ‘இது சரியில்லை’ என்றால், எதைத் திருத்துவது என்பதே சண்டையாகிவிடும். காலக்கெடுவும் உண்டு. 2024இல் திருத்திய மத்திய நுகர்வோர் உரிமை விதிகளின்படி, முழுமையான விண்ணப்பம் கொடுத்த பிறகு நகராட்சிப் பகுதியில் 7 நாள், கிராமத்தில் 15 நாள், மலைப்பாங்கான கிராமத்தில் 30 நாளுக்குள் இணைப்புத் தர வேண்டும். தாமதமானால் நாளுக்கு ஆயிரம் ரூபாய் வரை அபராதம் போட மின்சாரச் சட்டம் இடம் தருகிறது. ஆபீஸில் பலன் இல்லை என்றால் நுகர்வோர் குறைதீர் மன்றம். கொட்டாரக்கரை, எர்ணாகுளம், கோழிக்கோடு என மூன்று இடங்களில் இருக்கிறது. அதன் தீர்ப்பும் ஒத்துவராவிட்டால் எர்ணாகுளத்தில் மின் குறைதீர்ப்பாளர்.

வீட்டு வேலை முடிந்ததும் கட்டுமானக் கட்டணத்திலிருந்து வீட்டுக் கட்டணத்துக்கு மாற்ற நீங்களாகவே விண்ணப்பம் கொடுக்க வேண்டும். தானாக மாறாது. கொடுத்த பிறகு அடுத்த பில்லில் கட்டணப் பிரிவு மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.