கேள்வி கேட்காத ஆட்களைத் தயார் செய்துதரச் சொல்லாதீர்கள்

ராணுவப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின் தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி அளித்துவருகிறேன். அண்மையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில், பிரஸ் இயந்திரத்தில் சிக்கி ஓர் இளைஞர் விரல்களை இழந்தார். இரு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தினால் மட்டுமே இறங்கவேண்டிய இயந்திரம் அது. உற்பத்தி வேகத்துக்காக ஒரு பொத்தானில் அட்டையை மடித்துச் செருகி, மேலே டேப் ஒட்டியிருந்தார்கள். அந்த ஷிப்டில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தும் மேலாளரிடம் சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை. ஏனென்றால், காலையில் வரிசையில் நிற்கவைத்து, மறுத்துப் பேசியவரை அங்கேயே அவமானப்படுத்துவதுதான் அவர் நடைமுறைப்படுத்திய 'மிலிட்டரி ஒழுங்கு'. விபத்துக்குப் பின் என்னை அழைத்தபோதும், கேள்வி கேட்காமல் சொன்னதைச் செய்யும் ஆட்களாக மாற்றித்தரும்படிதான் அவர் கேட்டார்.

இதே வேண்டுகோளைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். ராணுவம் அப்படி இயங்குவதில்லை. ஒரு சிறு ரோந்துக்குக்கூடச் சூழல், நோக்கம், செயல்முறை, தேவையான பொருள்கள், தகவல்தொடர்பு என்று வரிசையாக விளக்கிய பிறகு, "கோயி ஷக்?", அதாவது ஏதும் சந்தேகம் உண்டா என்று கேட்காமல் எந்த அதிகாரியும் முடிக்கமாட்டார். நோக்கத்தை அறிந்த வீரன்தான், தலைவர் வீழ்ந்தாலும் தொடர்பு அறுந்தாலும் தானே முடிவெடுத்துக் காரியத்தை முடிப்பான். கீழ்ப்படியாமையைத் தண்டிக்கும் 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 41-ஆம் பிரிவுகூட, சட்டப்படியான ஆணையை மீறுவதையே குற்றம் என்கிறது. வாயில் வந்த ஆணையை எல்லாம் அல்ல. 1971 ஏப்ரலில், உடனே போர் தொடுக்கப் படை ஆயத்தமாக இல்லை என்று பிரதமர் இந்திரா காந்தியிடமே சொன்னதாகத் தளபதி மானெக்‌ஷா பின்னாளில் விவரித்திருக்கிறார். போர் டிசம்பரில்தான் நடந்தது. 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. மறுத்துப் பேசியதால் அவருடைய படையின் ஒழுங்கு குலைந்துவிட்டதா?

ஆகவே, ஷிப்ட் தொடக்கத்தில் எத்தனை உருப்படி வேண்டும் என்பதோடு, ஏன் வேண்டும், எதை எந்த நிலையிலும் விட்டுக்கொடுக்கக்கூடாது என்பதையும் சொல்லுங்கள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், "புரிந்தது சார்" என்றுதான் பதில் வரும். சொன்னதை அவர் வாயால் திரும்பச் சொல்லவையுங்கள். தவறு நடந்தால் புதிதாகச் சேர்ந்தவரை முதலில் பேசவிடுங்கள். ராணுவ நீதிமன்றத்திலும் இளைய உறுப்பினரின் கருத்தைத்தான் முதலில் கேட்பார்கள். மூத்தவர் வாய் திறந்துவிட்டால் மற்றவர்கள் அதையே வழிமொழிவார்கள். ஆபத்து என்று இயந்திரத்தை நிறுத்தியவரைத் திட்டாதீர்கள்; உற்பத்திக் குறைவுக்கு மேலிடத்தில் பதில் சொல்வது உங்கள் வேலை.

1932 டிசம்பர் 10 அன்று டேராடூன் ராணுவ அகாடமியின் தொடக்க விழாவில் அன்றைய இந்திய ராணுவத் தலைமைத் தளபதி செட்வுட், நாட்டின் நலன் முதலில், உன் ஆணையின்கீழ் உள்ளவர்களின் நலன் அடுத்து, உன் சுகம் எப்போதும் கடைசியில் என்று அதிகாரிகளுக்கு வகுத்துச் சொன்னார். மிடுக்கான நடையையும் உரத்த குரலையும் எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளும் மேலாளர்களே, தயவுசெய்து இதையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்டில் கேன்டீன் சாப்பாடு எல்லோருக்கும் போதுமா என்று பார்த்துவிட்டு, அதன்பிறகு உங்கள் தட்டை எடுங்கள்.