பயாப்ஸியில் 'இல்லை' என்று வந்தால் எண்டோமெட்ரியோசிஸ் இல்லையா?

பயாப்ஸிக்கு எடுத்த திசு இருக்கும் பாட்டிலோடு லேபுக்கு வரும் படிவத்தில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: 'வயிற்றுத் தழும்பில் கட்டி'. சிசேரியன் ஆனவரா, மாதவிலக்கு சமயத்தில் கட்டி வீங்கி வலிக்கிறதா, ஹார்மோன் மாத்திரை எடுக்கிறாரா? திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயறியும் நோயியல் மருத்துவரான எனக்கு வேண்டிய இந்த விவரமெல்லாம் அதில் இருக்காது.

கர்ப்பப்பையின் உள்சவ்வை ஒத்த திசு சினைப்பை, குடல், தழும்பு என வெளியிடங்களில் வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் 10% பேருக்கு இருக்கிறது. மைக்ரோஸ்கோப்பில் நாங்கள் தேடுவது மூன்று: சுரப்பிகள், அவற்றைச் சுற்றித் தாங்கும் ஸ்ட்ரோமா செல்கள், பழைய ரத்தக்கசிவை விழுங்கிப் பழுப்பேறிய மேக்ரோஃபேஜ்கள் என்ற துப்புரவுச் செல்கள். இரண்டு கிடைத்தாலே பொதுவாக உறுதி செய்துவிடுவோம்.

ஆனால் இந்த நோயால் சினைப்பையில் வரும் சாக்லேட் கட்டியில் ரத்தம் தேங்கித் தேங்கி உள்வரியே உரிந்துபோயிருக்கும். சுரப்பி ஒன்றுகூடக் கண்ணில் படாது. அப்போது திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டையை இன்னும் ஆழமாகச் சீவிப் பார்ப்போம். ஸ்ட்ரோமா செல்களைக் காட்டிக்கொடுக்கும் சிடி10 சாயமும் போடுவோம். சாதாரணச் சாயத்தில் வெறும் அழற்சி போலத் தெரிந்த இடத்தில், ஸ்ட்ரோமா செல்களின் ஓரங்கள் பழுப்பு வளையமாக எழும்பி வரும். வேறு சில செல்களும் இந்தச் சாயத்தைப் பிடிக்கும் என்பதால் இதை மட்டும் நம்பி ரிப்போர்ட் எழுத முடியாது. அதனால்தான் அந்தப் படிவ விவரத்துக்கு இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

திசுவில் கிடைக்கவில்லை என்பதால் நோயே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. 2022இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. சிஏ-125 என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனையை நோயறிய நம்ப வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது; நம் ஊரில் இன்னமும் எழுதிக்கொடுக்கிறார்கள், என்ன செய்ய!

சிகிச்சையும் இந்தச் செல்களைப் பொறுத்தது. பல பெண்களின் நோய்த்திசுவில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் குறைவு. அந்த ஹார்மோன்போல வேலை செய்யும் டயனோஜெஸ்ட் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சரியாக வேலை செய்யாததற்கு இதுவும் ஒரு காரணம். நியூயார்க்கின் ஃபைன்ஸ்டீன் ஆய்வு நிறுவனத்தில் மாதவிலக்கு ரத்தத்திலிருந்தே ஸ்ட்ரோமா செல்களைப் பிரித்து, கத்தியின்றி நோயறிய முடியுமா என்று ஆராய்கிறார்கள்.

சரி, கையில் 'இல்லை' என்ற ரிப்போர்ட். வலியோ அப்படியே இருக்கிறது. அப்போது ஸ்லைடையும் மெழுகுக் கட்டையையும் லேபில் கேட்டு வாங்கி, மகளிர் நோய்த் திசுக்களைப் பார்த்து அனுபவமுள்ள இன்னொரு நோயியல் மருத்துவரிடம் காட்டுங்கள். கூடவே, வலி வரும் தேதிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொடுங்கள்.